யாருக்குத் தெரியாதவர்?

‘அதிகம் அறியப்படாத கலைஞர்’ என்று படிக்கும்போதெல்லாம் கேட்கத் தோன்றும்: யாருக்கு? குமரி மாவட்டத்து வில்லிசைக் கலைஞர் பூங்கனி 2018 நவம்பரில் இறந்தபோது இணையத்தில் இந்தச் சொல்தான் சுற்றியது. சிறுமியாகவே வில்லடிக்க வந்தவர். ஆண்கள் நிறைந்த மேடையில், விடிய விடியக் கொடைகளில் பாடியவர். குடம் அடித்த கணவர் போன பிறகு மேடையையே விட்டுவிட்டார். கலையைக் கைவிட்டார்னு சொல்ல எனக்கு மனசு வரலை. குடம் இல்லாம வில்லு ஏது?

எங்க கூடங்குளம் பக்கம் கொடைக்கு நாள் குறிச்சதும் பெரியவங்க கேக்குறது, “வில்லு யாரு?” சுடலைமாடன் கதையில் பாட்டு ஏறாவிட்டால் சாமி வராது. பாதி சனம் மணலில் தூங்கிக்கிட்டிருந்தாலும் பாடுகிறவர் நிறுத்த முடியாது. அடுத்த வருசமும் கூப்பிட்டால் அதுதான் அவங்களுக்குப் புகழ். அந்தக் கணக்கில் பூங்கனி பிரபலம்தான்.

அப்புறம் நாம் மெல்லிசைக் கச்சேரிக்கு வரி பிரித்தோம். வில்லு இரவிலிருந்து இரண்டு மணி நேரமாச்சு. ‘அறியப்படாதவர்’ என்ற சொல் நமக்கு வசதியானது: கூப்பிடாததை, தெரியாததாக மாற்றிவிடுகிறது. தெரிஞ்சுதானே கூப்பிடலை? இப்போதும் கொடைக் கமிட்டியில் வில்லுக்கான தொகையைத்தான் முதலில் குறைக்கிறார்கள். ஸ்பீக்கர் செட்டுக்கு யாரும் பேரம் பேசுவதில்லை.