முன்னோரின் குழிமேடு



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்கென்று திருச்சபை ஒதுக்கி வைத்திருக்கும் மாதம். 2-ந் தேதியன்று மெழுகுவர்த்தியும் சாமந்திப் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். சுவாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறார். தாய் தகப்பன் குழிக்கு மாலை போடுகிறோம். பாட்டன் குழி எதுவென்று கேட்டால் கை நீட்டிக் காட்ட வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பூட்டன் குழி எது, பூட்டி எந்த ஊரில் அடக்கமானாள் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்லுகிறோம்? பெரும்பாலும் பேசாமல் வீடு திரும்புகிறோம்.

வருஷத்துக்கு ஒரு நாள் மரித்தோர் எல்லாருக்குமாக வேண்டிக்கொள்ளும் வழக்கம், சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் குளூனி மடத்து அதிபரான அர்ச். ஒதிலோ என்பவரால் பரவிற்று. 1915-ல், முதல் உலக யுத்தத்தில் எண்ணிறந்த மனுஷர் செத்துக் கொண்டிருந்தபோது, 15-ம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பானவர், அந்த நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை செய்யலாமென்று உத்தரவு கொடுத்தார். மறந்துபோன ஆத்துமாக்கள்மேல் திருச்சபைக்கு அவ்வளவு கவலை. அந்தக் கவலை சொந்தப் பேரப்பிள்ளைகளான நமக்கு இருக்க வேண்டாமா?

வேதாகமத்தைத் திறந்து பாருங்கள். கானான் தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு உரியது என்று சர்வேசுரனால் வாக்குப் பெற்ற ஆபிரகாம், முதல் முதல் அங்கே காசு கொடுத்து வாங்கின நிலம் வயலுமல்ல, வீட்டு மனையுமல்ல. மனைவி சாராளை அடக்கம் செய்ய ஒரு கல்லறை. எபிரோனில் இருந்த அந்தக் குகைக்கும் நிலத்துக்கும் 400 சீக்கல் வெள்ளியை, சாட்சிகள் முன்பாக நிறுத்துக் கொடுத்தார். பிற்காலத்தில் யாகோபு எஜிப்து தேசத்தில் மரணப்படுக்கையில் கிடந்தபோது, தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்தக் குகையில் அடக்கமானவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்: ஆபிரகாம், சாராள், ஈசாக், றெபெக்காள், லீயாள். தன்னையும் அங்கேயே வைக்கச் சொன்னார். ராக்கேல் மாத்திரம் பெத்லேகேமுக்குப் போகிற வழியில் பிரசவத்தில் இறந்து தனியே அடக்கமானாள். அவள் குழியின்மேல் யாகோபு ஒரு கல்லை நாட்டினார். ஆகவே குழியின்மேல் கல் நாட்டுவதும், பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதும் நம் விசுவாசத்துக்கு ஆதி முதல் உள்ள காரியங்கள்.

நம் தமிழ் நாட்டுக்கும் இது புதிதல்ல. செங்கம் சீமையில் பல்லவ ராஜாக்கள் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. எந்த ராஜாவின் எத்தனையாம் ஆண்டில், எந்தச் சண்டையில், யார் மகன் பட்டான் என்று அவற்றில் வெட்டியிருக்கிறது. பழவேற்காட்டில் 17-ம் நூற்றாண்டு ஒல்லாந்தரின் கல்லறைகள் இன்றும் எழுத்தோடு நிற்கின்றன. வெள்ளைக்காரர்கள் தங்கள் சனத்தை மறக்கவில்லை. சென்னை ராஜதானியில் இருந்த கல்லறை எழுத்துக்களைத் திரட்டி, ஜே. ஜே. காட்டன் என்னும் அதிகாரி 1905-ல் பெரிய புத்தகமாகவே அச்சிட்டார். இன்றைக்கும் இங்கிலாந்திலிருந்து அதைப் பார்த்துத் தங்கள் பாட்டனைத் தேடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் புத்தகத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். உங்கள் பூட்டன் சவரிமுத்துவையும் பூட்டி ஆரோக்கியத்தையும் அப்படி எழுதி வைக்க எந்தத் துரையும் வரவில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

நம் அரக்கோணத்துக்கு இது இன்னும் அவசியம். 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடினது இந்த வழியாகத்தான். பிறகு வடக்கே ரேணிகுண்டாவுக்கும், தெற்கே காஞ்சீபுரத்துக்கும் பாதை பிரிந்து இவ்வூர் பெரிய ஜங்ஷனாயிற்று. பிழைப்பைத் தேடி நாலா திசையிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. பிள்ளைகள் சென்னைக்கும், பெங்களூருக்கும், கடல் கடந்தும் போனார்கள். தாத்தாவின் குழி ஒரு கிராமத்தில், பாட்டியின் குழி இங்கே, பேரன் இருப்பது துபாயில். கிராமத்தில் சொந்த நிலத்தின் மூலையில், புளிய மரத்தடியில் இருந்த குடும்பக் குழிகள், நிலம் கைமாறினதோடு முள் மூடிப் போகின்றன. அவற்றைக் காட்டத் தெரிந்த கிழவர்களும் ஒவ்வொருவராய்ப் போகிறார்கள்.

ஆகையால் இந்த மாதத்தில் செய்யத்தக்கதைச் சொல்லுகிறோம், கேளுங்கள்.

முதலாவது, வீட்டில் வயதில் மூத்தவரை அழைத்துக்கொண்டு பழைய குழிகளிடத்துக்குப் போங்கள். எழுத்து தேய்ந்த கல்லைத் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்தாலே போதும். கம்பி பிரஷும் ஆசிட்டும் போட்டுத் தேய்த்தால், மிச்சமிருக்கிற எழுத்தும் கல்லோடு உரிந்து போகும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது, உச்சி வேளையில் தெரியாத எழுத்தும் நிழல் கட்டித் தெரியும். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பலாம். கல்லில் உள்ளதை உள்ளபடியே, பிழை இருந்தால் பிழையோடு, எழுதிக் கொள்ளுங்கள். கைப்பேசியில் படமும் எடுங்கள். பக்கத்துக் குழிகள் யாருடையவை என்பதையும் படமாக வரைந்து குறியுங்கள். அண்ணன் தம்பிமாரையும், குழந்தைப் பருவத்தில் இறந்த பிள்ளைகளையும் பெரும்பாலும் அருகருகே அடக்கியிருப்பார்கள்.

எழுத்தைப் படிக்கும்போது சில காரியங்களைக் கவனியுங்கள். பழைய கல்லில் வருஷம் தமிழ் எண்ணில் இருக்கலாம். ௧௮௭௬ என்பது 1876. சில கல்லில் வருஷப் பெயர் மாத்திரம் இருக்கும். தாது வருஷம் என்றிருந்தால் அவசரப்படாதீர்கள். அந்தப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். 1876-ம் தாது, 1936-ம் தாது. முந்தினதானால் அது தாது வருஷப் பஞ்ச காலம். ஒரே குடும்பத்தில் ஒரே வருஷத்தில் மூன்று நான்கு குழிகளைக் கண்டால், அந்தப் பஞ்சத்தையும், 1918-ம் வருஷத்து விஷக் காய்ச்சலையும் நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் யாரோ ஒருவர் தப்பிப் பிழைத்ததனால் நீங்கள் இன்று இருக்கிறீர்கள்.

இரண்டாவது, கல் சொல்லாததைக் கோவில் புத்தகம் சொல்லும். திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ல் மெய்விவாகங்களைப் புத்தகத்தில் எழுதக் கட்டளையிட்டது. 1614-ல் வெளியான உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், மெய்விவாகம், மரணம் ஆகிய புத்தகங்களோடு, வீடு வீடாகக் குடும்பத்தாரை எழுதும் ஆத்துமக் கணக்குப் புத்தகத்தையும் வைக்கச் சொன்னது. சர்க்கார் நம் ராஜதானியில் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் செய்தது 1899-ல்தான். அதற்கு முந்தின ஏழைக் குடியானவனின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம், பெரும்பாலும் கோவில் புத்தகமே.

புத்தகத்தில் தேடும்போது பெயரைக் கண்டு மயங்காதீர்கள். வெளிநாட்டுக் குருக்கள் லத்தீனில் எழுதினார்கள். அங்கே யோசேபுஸ் என்றிருப்பவர் கல்லில் சூசை. பேத்ருஸ் என்பவர் இராயப்பன், பவுலுஸ் என்பவர் சின்னப்பன், யோவான்னெஸ் என்பவர் அருளப்பன், அலோய்சியுஸ் என்பவர் ஞானப்பிரகாசம். ஊரில் கூப்பிட்ட பெயர் வேறொன்றாகவும் இருக்கும். தகப்பன் பெயர் தெரியாவிட்டால் ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரைப் பாருங்கள்; அது அநேகமாய் மாமனோ அத்தையோவாக இருக்கும். 1908 முதல், மெய்விவாகம் நடந்த செய்தியை ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்திலும் குறிக்க வேண்டுமென்று திருச்சபை விதித்ததால், பெண் எந்தக் கோவிலில் வாழ்க்கைப்பட்டாள் என்பதும் அதில் கிடைக்கலாம். உங்கள் கிராமம் முன்னே கிளைக் கோவிலாய் இருந்திருந்தால், தாய்ப்பங்கில் கேளுங்கள். வேலூர் மேற்றிராசனம் உண்டானது 1952-ல். அதற்கு முன் இப்பக்கமெல்லாம் சென்னை அதிமேற்றிராசனத்தைச் சேர்ந்திருந்தது.

சர்க்கார் காகிதங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். திருத்தணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1905-ல் பிறந்து, ஊரை விட்டு அசையாமலே வாழ்ந்த ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். பிறந்தபோது அவர் வடஆற்காடு ஜில்லாக்காரர். 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டானபோது சித்தூர்க்காரர். 1953-ல் ஆந்திர ராஜ்யத்துக்காரர். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது செங்கற்பட்டு ஜில்லாக்காரர். அரக்கோணமோ வடஆற்காட்டிலும், பிறகு வேலூரிலும் இருந்து, 2019 முதல் இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. மனுஷர் போடும் எல்லை மாறிக்கொண்டே வந்தது. குழியில் இருப்பவர் மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

அன்பர்களே, இனிச் சொல்வதுதான் பிரதானமானது. எதற்காகத் தேடுகிறோம்? எங்கள் வம்சம் பெரிய வம்சம் என்று மீசையை முறுக்குவதற்கா? முடிவில்லாத வம்ச வரலாறுகளில் மனதைப் பறிகொடுக்க வேண்டாமென்று அர்ச். சின்னப்பர் திமோத்தேயுவை எச்சரித்தார். அர்ச். மத்தேயு எழுதிய சேசுநாதருடைய வம்ச வரிசையைப் பாருங்கள். அதில் தாமாரும் ராகாபும், மோவாப் தேசத்து ரூத்தும், உரியாவின் மனைவியும் இருக்கிறார்கள். மறைக்கத்தக்கதென்று நாம் நினைப்பதைச் சுவிசேஷகர் மறைக்கவில்லை. உங்கள் தேடுதலில் கடனாளி வந்தாலும், சிறை கண்டவன் வந்தாலும், வேறு சாதியில் பெண் எடுத்தவன் வந்தாலும், அவன் பெயரை அடிக்காதீர்கள். அவனுக்கே உங்கள் பூசை அதிகம் தேவைப்படலாம்.

சாதியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கருடைய கல்லறைத் தோட்டத்தில், சாதியைப் பிரிக்க ஒரு சுவர் எழுப்பியிருந்ததை நாடே அறியும். ஒரே ஞானஸ்நானம் பெற்று, ஒரே நற்கருணை வாங்கினவர்களின் எலும்புக்கு நடுவே சுவர்! பழைய குழிகளைத் தேடிப் போகிற நீங்கள், சில தோட்டங்களில் ஒரு பக்கம் சலவைக்கல்லும் மறுபக்கம் வெறும் மண்மேடும் காண்பீர்கள். அந்த மண்மேட்டில் இருந்தவருக்கும் பெயர் இருந்தது. அவருக்குக் கல் வைக்க வீட்டில் காசில்லை. வைத்த மரச்சிலுவையைக் கறையான் தின்றது. சில காலம் சென்று அதே குழியில் இன்னொருவரை அடக்கினார்கள். உங்களில் பலருடைய முன்னோர் அப்படிப்பட்டவர்களே. தேடியும் குழி அகப்படாதவர்கள் இதைக் கேட்டு மனம் வருந்த வேண்டாம். மோயீசனுடைய குழி எங்கேயென்று ஒருவருக்கும் தெரியாது என்று வேதமே சொல்லுகிறது. ஆனாலும் கர்த்தர் மலைமேல் மறுரூபமானபோது, அதே மோயீசன் அவரோடு பேசிக்கொண்டு நின்றார். சர்வேசுரன் தம்முடையவர்களைக் கண்டுபிடிக்கக் கல்லைப் படிப்பதில்லை.

அப்படியானால் கல்லை நாம் ஏன் படிக்க வேண்டும்? அவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் கடமை நம்முடையதாகையால். யூதா மக்கபே யுத்தத்தில் மடிந்த தன் வீரருக்காகக் காசு தண்டி, பாவப்பரிகாரப் பலிக்கென்று எருசலேமுக்கு அனுப்பினார். அர்ச்சியசிஷ்டவர்களுடைய சமுதீதப் பிரயோசனத்தை விசுவசிக்கிறோம் என்று நாமும் சொல்லுகிறோம். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைத் தோட்டத்தைச் சந்தித்து மரித்தோருக்காக வேண்டிக்கொள்ளுகிறவர்கள், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பானவர் கருத்துக்காகச் செபம் ஆகிய நிபந்தனைகளை நிறைவேற்றினால், நாளுக்கொரு பரிபூரண பலனை உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு ஒப்புக்கொடுக்கலாம். இதைவிடப் பெரிய மாலையைப் பூட்டனுக்குச் சாத்த யாராலும் முடியாது.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தெரிந்த மட்டும் முன்னோர் பெயர், ஊர், அடக்கமான இடம், வருஷம் எழுதுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். வீட்டுக்கு வந்த மருமகள்மாரின் தாய்வழியையும் எழுதுங்கள்; பெண்களைச் சம்சாரம் என்று மாத்திரம் எழுதி, பெயரை விட்டுவிட்ட கல்லும் புத்தகமும் அநேகம். அந்த நோட்டை வேதாகமத்தோடு வைத்து, இராத்திரி குடும்பச் செபத்தில் நாளுக்கு இரண்டு பெயராக வாசித்து, அவர்களுக்கென ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள். பிள்ளைகளையே வாசிக்க விடுங்கள். பூசைக் கருத்துக் கொடுக்கும்போது அந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள்.

கல்லறைத் தோட்டத்தில் உங்கள் குழிக்கு மெழுகுவர்த்தி ஏற்றின பின், ஒன்றை மிச்சம் வைத்துக் கொள்ளுங்கள். பூவில்லாத, பெயரில்லாத மேடு ஒன்று பக்கத்தில் நிச்சயம் இருக்கும். அங்கே அதை ஏற்றி, முழந்தாளிட்டு, அந்த ஆத்துமாவுக்கும் நித்திய இளைப்பாற்றி கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். அவர் யாருடைய பூட்டன் என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுடையவராகவே இருக்கலாம்.