நடு வரிசை

கி.மு. 490இல் மாரத்தான் வெளியில் பாரசீகர் வரிசையின் நீளத்துக்கு ஏதென்ஸ் படையும் தன் வரிசையை இழுத்து நிறுத்தியது. ஆள் போதவில்லை. இரண்டு ஓரங்களிலும் ஆளைக் குவித்து, நடுவை மெலிதாக விட்டார்கள். நடு உடைந்தது. ஓரங்கள் ஜெயித்து, திரும்பி வந்து பாரசீகரை மடக்கின. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்கில் ஏதென்ஸ் பக்கம் இறந்தவர்கள் 192 பேர்.

இந்தப் போரை அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் பொங்கலுக்கு ஜமுனாமரத்தூர் வந்தபோது கொண்டுவந்தான். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், இரண்டு நிறத்தில் அட்டை வில்லைகள், பகடை. ஒரு வில்லைக்குள் நூற்றுக்கணக்கான ஆட்கள். நடு வில்லைகளைக் காப்பாற்ற நான் பாடுபடுவதைப் பார்த்து, எதிரியாக உட்கார்ந்தவனே சொல்லிக்கொடுத்தான்: "விட்டுடுங்க சித்தப்பா. அது உடையத்தான் வேணும்."

பக்கத்தில் அண்ணன் கோணியூசியால் சாமை மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டிலும் ஒரு நடு வரிசை உண்டு. அண்ணனை எட்டாவதோடு நிறுத்தி மாட்டுக்கும் நிலத்துக்கும் விட்டார் அப்பா. நான் திருவண்ணாமலை போய்ப் படித்தேன். வீடு நிமிர்ந்தது என்பார்கள் உறவுக்காரர்கள். நிமிர்ந்தது உண்மைதான். எதை மெலியவிட்டு நிமிர்ந்தது என்று யாரும் பேசியதில்லை, நானும்தான்.

புளூட்டார்க்கை நம்பினால், மாரத்தானின் அந்த மெலிந்த நடுவில் தெமிஸ்டோக்ளிஸும் அரிஸ்டைடிஸும் நின்றார்கள். பிற்காலத்தில் ஏதென்ஸை ஆட்டிவைத்த பெரிய தலைகள். போர்த்தலைவர் காலிமாக்கஸ் அன்று களத்திலேயே மாண்டார். தலைவனும் கட்டத்துக்குள்தான் நின்றான். செத்தவர்கள் பெயரைக் குலவாரியாகக் கல்லில் வெட்டிப் புதைமேட்டில் நட்டார்கள்.

இதில் எங்கள் பக்கமும் சளைத்ததல்ல. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காகச் செத்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். கூடவே ஒரு நாய். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். அதையும் செதுக்கி, கோவிவன் என்று பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். என் சான்றிதழ்களில் அப்பா பெயர் இருக்கிறது. அண்ணன் பெயரை எழுத அதில் இடமே கிடையாது.

சாயங்காலம் அண்ணன் திண்ணையில் கரியால் ஆடுபுலிக் கோடு கிழித்தார். மகனுக்கு 3 புலி, தனக்கு 15 ஆடு. ஆடு ஒவ்வொன்றாகத்தான் இறங்கும். எல்லாம் இறங்கும்வரை நகரக் கூடாது. தாண்டி உட்கார இடம் இருந்தால் புலி வெட்டிவிடும். அவசரக்காரர்கள் ஓரிரண்டு ஆட்டை இரை கொடுத்துப் புலியை மூலைக்கு இழுப்பார்கள். அண்ணன் ஒவ்வோர் ஆட்டுக்கும் முதுகில் இன்னோர் ஆடாக வைத்துக்கொண்டே போனார்.

"ஒண்ணு குடுத்தா சீக்கிரம் முடியுமேப்பா."

"எதுக்குடா குடுக்கணும்? நெருக்கி உக்காந்தா அதுவே அடங்கும்."

பையன் கொட்டாவி விட்டான். மூன்று புலியும் அசைய முடியாமல் போவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது.

அப்படி ஆட நேரம் வேண்டும். அப்பாவுக்கு அது இல்லை. அண்ணனைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வருஷம் மழையும் பொய்த்திருந்தது.