இடக்கை அறியலாமா?



பங்குகளிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் சாரணர் குழுக்களின் செய்திகள் எமது அலுவலகத்துக்கு அடிக்கடி வந்து சேருகின்றன. புதிய சாரணர்க்குச் சின்னஞ் சூட்டியமை, இரண்டு நாட் பாசறை நடத்தியமை, மரித்த விசுவாசிகளின் நினைவு நாளுக்கு முன் சேமக்காலையில் புல்லுச் செருக்கித் துப்புரவு செய்தமை, திருவிழாவுக்கு வந்தோரின் தாகந் தீர்த்தமை என்று அவை பலவகைப்படும். 1912 ஆம் ஆண்டில் மாத்தளையில் தொடங்கி இலங்கையில் வேரூன்றிய இவ்வியக்கம் இன்றும் எமது சிறுவரைப் பிறருக்காக உழைக்கப் பழக்குகின்றது. ஆகவே இச்செய்திகளை நாம் விருப்புடனேயே வெளியிடுகிறோம்.

எனினும் ஒரு கேள்வி சில வருடங்களாக என் மனத்தை உறுத்துகின்றது. அதற்குக் காரணம் நாம் வெளியிட்ட ஒரு புகைப்படம். கழுத்துப்பட்டி அணிந்த சிறுவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நடுவே வயோதிபத் தாய் ஒருவர் உலருணவுப் பொதியொன்றை இரு கைகளாலும் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தாய் என்னிடம் வந்தார். “சுவாமி, பிள்ளையள் தந்தது பெரிய உதவி. ஆனா என்ர சம்பந்தி வீட்டாரும் உங்கட பேப்பர் வாசிக்கிறவை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. படத்தை அனுப்பிய சிறுவரிலும், அதை வெளியிட்ட எனக்கே பொறுப்பு அதிகம்.

செய்த நன்மையைப் பிறர் அறியச் செய்யலாமா? மலைப் பிரசங்கத்தில் ஆண்டவர் இரண்டு விதமாகப் பேசுவதுபோலத் தோன்றுகின்றது. மத்தேயு நற்செய்தியின் 5 ஆம் அதிகாரத்தில், மனிதர் எமது நற்கிரியைகளைக் கண்டு பரமபிதாவை மகிமைப்படுத்தும்படி நாம் விளக்கைப்போல் ஒளிர வேண்டுமென்கிறார். அடுத்த அதிகாரத்திலோ, தருமஞ் செய்யும்போது வலக்கையின் செயலை இடக்கை கூட அறியாதிருக்கட்டும் என்கிறார்.

இவை ஒன்றுக்கொன்று முரணல்ல. புனித தோமஸ் அக்குவினாஸ் இதனை நன்கு விளக்கியுள்ளார். புகழ் யாவும் பாவமன்று, வீண்புகழே பாவம் என்பது அவர் போதனை. பெறுமதியற்ற காரியத்துக்காகப் புகழைத் தேடினால் அது வீண். உறுதியான தீர்ப்பு இல்லாத மனிதரிடம் தேடினாலும் வீண். இறைவனின் மகிமைக்கோ அயலானின் மீட்புக்கோ உரியதாக்காமல், தனக்கென்றே தேடினாலும் வீண். ஆகவே நற்செயல் வெளியே தெரிவது குற்றமன்று. தெரியவேண்டும் என்பதற்காகவே அதைச் செய்வதுதான் குற்றம்.

சாரணர் இயக்கத்தின் ஆரம்பகர்த்தாவும் இதை உணர்ந்திருந்தார். பேடன் பவல் 1907 ஆம் ஆண்டில் பிரவுண்சீ தீவில் முதற் பாசறையை நடத்தி, மறு வருடம் சிறுவர்க்கான தமது நூலை வெளியிட்டார். தினம் ஒரு நற்செயலேனும் செய்யவேண்டும், அதற்குச் சன்மானம் வாங்கலாகாது என்று அதிலே கற்பித்தார். மறவாதிருக்கக் கழுத்துப்பட்டியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளும்படியும் ஆலோசனை கூறினார். அம்முடிச்சு ஊருக்குக் காட்டுவதற்கன்று, செய்யவேண்டியவனுக்கு ஞாபகமூட்டுவதற்கே.

1909 ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் வழி தெரியாது நின்ற அமெரிக்கரான வில்லியம் பொய்ஸ் என்பவரை, ஒரு சாரணச் சிறுவன் சேரவேண்டிய இடத்திற் சேர்த்தான் என்றும், நீட்டிய பணத்தை வாங்க மறுத்தான் என்றும் சாரணர் இன்றும் சொல்லுவர். மறு வருடம் பொய்ஸ் அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தை நிறுவினார். அச்சிறுவனின் பெயரோ எவருக்கும் தெரியாது. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சாரணர் அவனைக் கௌரவித்தபோதும், பெயர் அறியாத சாரணன் என்றே கௌரவித்தார்கள். வாசகரே, கவனியுங்கள். அந்த நன்மை மறைந்து போகவில்லை. ஆனால் அதை உலகுக்குச் சொன்னவர் உதவி பெற்றவரே அன்றிச் செய்தவன் அல்லன்.

அச்சிறுவன் மறுத்தது நாணயத்தை. பத்திரிகையில் வரும் படமும் ஒரு வகை நாணயமே. அது சில வேளைகளில் எளியவரின் மானத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் நாணயம் என்பதை நான் காலந்தாழ்த்தியே அறிந்துகொண்டேன். பெற்றவருக்கு வெட்கத்தைக் கொடுத்துச் செய்தவனுக்குப் பெருமை தேடுவது தருமமாகாது. அன்றியும், பன்னிரண்டு வயதிலேயே புகைப்படக் கருவியைப் பார்த்து நன்மை செய்யப் பழகும் பிள்ளை, எவரும் பாராத இடத்தில் என்ன செய்வான்?

‘செய்தி வந்தால்தானே மற்றப் பிள்ளைகளும் சேருவார்கள், உதவுவோரும் முன்வருவார்கள்’ என்று சாரணத் தலைவர்கள் கேட்கலாம். நியாயமே. துப்புரவான சேமக்காலையைக் காட்டுங்கள், பாசறையின் கூடாரத்தைக் காட்டுங்கள், எந்த ஊரில் என்ன தேவை இருக்கிறதென்று எழுதுங்கள். கை நீட்டிப் பெற்றவரின் முகத்தை மட்டும் காட்டாதீர்கள். இனி வந்தாலும் நாம் வெளியிடமாட்டோம்.

அடுத்த முறை புறப்படுமுன் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: “படம் எடுக்க ஆளில்லாவிட்டாலும் போவோமா?” போவோம் என்று அவர்கள் மனமாரச் சொன்னால், திரும்பி வந்ததும் செய்தியை எழுதி அனுப்புங்கள். மகிழ்ச்சியோடு இடமளிப்போம்.