பெயரோடு எழுதப்படும் பதில்

காரைக்கால் மாவட்டம், நிரவி கொம்யூனில் உள்ள விழிதியூரில் ஒரு பிற்பகல் என்று வைத்துக்கொள்வோம். தேர்தலுக்கு இன்னும் இரண்டு மாதம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞன் வாசலில் வந்து நிற்கிறான். அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் அம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே நிமிர்ந்து பார்க்கிறார்.

"சர்வேம்மா, அஞ்சு நிமிஷந்தான்."

"யாரு தம்பி அனுப்புனது?"

"கம்பெனிம்மா."

ரேஷன் கார்டு சிவப்பா மஞ்சளா, வீட்டில் எத்தனை ஓட்டு, போன தடவை எந்தச் சின்னம், இந்தத் தடவை எது, கடைசியில் ஒரு போன் நம்பர். கார்டின் நிறத்தைச் சொல்வதற்குள்ளேயே அம்மாளுக்கு லேசாக ஒரு யோசனை. சிவப்பு என்று சொல்லி, அதை யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ? சின்னத்தைப் பற்றிக் கேட்டதும் சிரிக்கிறார். "எல்லாரும் நம்ம புள்ளைங்கதான். நல்லது செய்யிறவங்களுக்குப் போடுறதுதான்."

டேப்லெட்டில் இந்தச் சிரிப்பு 'கருத்து இல்லை' என்று பதிவாகும். அம்மாளுக்குக் கருத்து இருக்கிறது. அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. யாருக்காகக் கேட்கிறோம் என்பதை மறைத்துக்கொண்டு ஒருவர் மனத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குவது முறையா?

மறைப்பது தவறு என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இன்ன கட்சி அனுப்பியது என்று இளைஞன் சொன்னால், வீடு தேடி வந்தவன் மனம் நோகக் கூடாது என்றே பாதிப் பேர் அந்தக் கட்சியைச் சொல்வார்கள். நம் ஊர் உபசாரம் அப்படி. ஆளுங்கட்சிக்காரன் என்று சந்தேகம் வந்தால் கேட்கவே வேண்டாம். பணம் கொடுத்தவரின் பெயரைப் பேட்டி முடியும்வரை சொல்லாமலிருக்கும் வழக்கம் இதனால்தான் உலகெங்கும் இருக்கிறது. உண்மையான பதில் வேண்டுமென்றால் கேள்வியில் கொஞ்சம் மறைவு வேண்டியிருக்கிறது.

அந்த உண்மையான பதிலால் ஊருக்கும் ஒரு பயன் உண்டு. மக்களின் மனம் என்ன என்று யாரும் முறையாகக் கேட்காத இடத்தில், மேடையில் நிற்பவர் சொல்வதே மக்களின் மனமாகிவிடும். காரைக்காலுக்கு இது பழைய கதை. பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை அங்கங்கே உள்ள மக்களே முடிவு செய்யட்டும் என்று 1948 ஜூனில் இந்திய, பிரெஞ்சு அரசுகள் ஒப்புக்கொண்டன. அந்தப் பகுதிகளில் ஒன்றான சந்திரநாகூரில் 1949-ல் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் மக்களுக்கு அந்த முறை வரவேயில்லை. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக 170 பேர், எதிராக 8 பேர். விழிதியூர்க்காரர்களை நேரில் கேட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றே தோன்றுகிறது. ஆனாலும் கேட்டு வாங்கிய சம்மதம் வேறு, ஊகித்துக்கொண்ட சம்மதம் வேறு.

பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1968-க்குப் பின் 2006-ல்தான், காரைக்காலையும் உள்ளடக்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தபின் பத்தாண்டுகளுக்கு மேல் மறுபடி தேர்தல் இல்லை. வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றிக்கூட ஊர் தன் அபிப்பிராயத்தை ஓட்டாகச் சொல்ல வழியில்லாத இடத்தில், கேட்க ஒருவன் வருவதே ஒரு மரியாதைதான்.

அந்த மரியாதை எதுவரை செல்லும் என்பது, பதிலையும் பெயரையும் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. டெல்லியில் 1963-ல் தொடங்கப்பட்ட சிஎஸ்டிஎஸ் என்ற சமூக ஆய்வு நிறுவனத்தின் லோக்நீதி அமைப்பு, தேர்தல் ஆய்வுகளில் ஒரு வழியைக் கையாள்கிறது. வாக்காளர் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் பெயர்களை எடுத்து, அந்த வீடுகளுக்கே போகிறார்கள். எந்தச் சின்னம் என்ற கேள்வி வந்ததும் வாயால் சொல்லச் சொல்வதில்லை. மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, தாங்களே குறியிட்டுப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கே அந்த நிமிடத்தில் பதில் தெரியாது. அந்தப் பெட்டி இருந்திருந்தால் விழிதியூர் அம்மாள் சிரித்து நழுவ வேண்டியிருந்திருக்காது.

இன்னொரு பக்கம், 2021 சட்டமன்றத் தேர்தல். புதுச்சேரி வாக்காளர்கள் பலரின் செல்போனுக்கு, அவரவர் வாக்குச்சாவடிக்கான பாஜக வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது. ஆதாரோடு இணைத்த எண்களுக்கே செய்தி வந்தது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கானது. பாஜக அதை மறுத்தது. தங்கள் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எண்கள் அவை என்றது. நீதிமன்றம் ஆதார் ஆணையத்திடம் விளக்கம் கேட்டது. எண்கள் எங்கிருந்து வந்தன என்ற சட்டக் கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். கட்சி சொன்ன விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. வாசலில் நம்பர் கொடுத்தவர்களில் எத்தனை பேர், அது தங்கள் பூத்தின் பெயரோடு ஒரு பட்டியலில் ஏறும் என்று தெரிந்து கொடுத்திருப்பார்கள்?

இது ஒரே கட்சியின் பழக்கமும் இல்லை. வரப்போகும் நலத்திட்டங்களுக்குச் சர்வே என்ற பெயரில் வாக்காளர் விவரங்களைப் பதிவு செய்வதை நிறுத்துங்கள் என்று 2024 மே 2 அன்று தேர்தல் ஆணையம் எல்லாக் கட்சிகளுக்கும் எழுதியது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி அது லஞ்சத்துக்கு ஒப்பான முறைகேடு என்றும் எச்சரித்தது. சர்வே என்ற சொல்லுக்கு வந்த கெட்ட பெயரில் பாதி இப்படி வந்ததுதான்.

போன் நம்பர் விஷயத்தில் ஆய்வாளர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. தினக்கூலிக்கு அனுப்பப்படும் பையன்கள் வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் உட்கார்ந்து பத்துப் படிவத்தையும் தாங்களே நிரப்பிவிடும் ஆபத்து எங்கும் இருக்கிறது. மேற்பார்வையாளர் மறுநாள் ஒருவரை அழைத்து, "நேற்று ஆள் வந்தாரா?" என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். அதற்கு நம்பர் வேண்டும். வேண்டியது அவ்வளவுதான். தனித் தாளில் எழுதி, சரிபார்த்ததும் கிழித்துவிட்டால் தீர்ந்தது. கிழிக்காமல் வைத்திருப்பவருக்கு வேறு வேலை இருக்கிறது என்று பொருள்.

சின்ன ஊரில் பெயரை அழித்தால் மட்டும் போதாது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் வாக்காளர்களுக்கு 30 சட்டமன்றத் தொகுதிகள். தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம். தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஏறக்குறைய இரண்டரை லட்சம். புள்ளியியல் கணக்குப்படி முப்பதாயிரம் பேரின் மனத்தை அறியவும் இரண்டரை லட்சம் பேரின் மனத்தை அறியவும் ஏறக்குறைய ஒரே அளவு மாதிரி வேண்டும். ஆகவே சிறிய தொகுதியில் ஒவ்வொரு தெருவையும் அடிக்கடி தட்ட வேண்டியிருக்கிறது. அறுபது வயது, கணவர் இல்லை, மாடு இரண்டு, வீடு குளத்தங்கரையில் என்று எழுதினால், ஊரார் யாருக்கும் பெயர் தேவைப்படாது.

வாக்கு எண்ணும் நாளிலும் இதே கதை. ஒவ்வொரு வாக்குச்சாவடி இயந்திரமும் தனித்தனியாக எண்ணப்படுவதால், எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது மாலைக்குள் தெரிந்துவிடுகிறது. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கலந்து சொல்லும் 'டோட்டலைசர்' கருவியை வைக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே சொன்னது. சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. பதிலைப் பெயரிலிருந்து பிரித்து வைக்கும் கடமையை அரசே செய்யாதபோது, டேப்லெட்டோடு வரும் கம்பெனியை அம்மாள் எதை வைத்து நம்புவார்?

நம்பிக்கை இல்லாத இடத்தில் கணிப்பும் பிசகலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று பெரும்பாலான வாக்குக்கணிப்புகள் கூறின; கிடைத்தது 293. காரணங்கள் பல இருக்கலாம். மனத்தில் உள்ளதைச் சொல்லப் பயந்தவர்களும் ஒரு காரணமாக இருந்தால், அந்தப் பிழையைப் பதில் சொன்னவர்களின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. பெயரையும் நம்பரையும் பதிலோடு சேர்த்து எழுதிக்கொள்பவரிடம் சிரித்து மழுப்புவது பொய்யில் சேராது. தன்னைக் காத்துக்கொள்ள ஏழைக்கு இருக்கும் வழி அது. பெயரைப் பிரித்து வைப்பவரிடம் அப்படிச் செய்தால்தான் ஊருக்குக் கிடைக்க வேண்டிய ஒன்றைத் தடுத்த குற்றம் வரும்.

அடுத்த முறை வாசலில் யாராவது டேப்லெட்டோடு வந்து நின்றால், எந்தக் கம்பெனி என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். "என் பேரும் நான் சொல்றதும் ஒரே இடத்துலயா தம்பி இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை முறத்தைக் கீழே வைக்காதீர்கள்.