நிமிர்ந்து உட்கார், உண்மையைப் பேசு!

விபத்து நடக்க ஒரு நொடி போதும். நீ எப்படிப்பட்டவன் என்பதை ஊருக்குக் காட்டுவது அதற்கு அடுத்த சில மணி நேரம்தான். கண்ணாடி நொறுங்கிக் கிடக்கும். கூட்டம் சேரும். கை நடுங்கும். "ஓடிடு" என்று மனசு சொல்லும். "போலீஸ் வந்தா அவ்வளவுதான்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். நண்பா, இரண்டு பேச்சையும் கேட்காதே. ஓடாதே. நில்!

நிற்பவனிடம் சட்டம் என்ன கேட்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநருக்கு மூன்று கடமைகளைச் சொல்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய். போலீஸ் கேட்கும் தகவலைக் கொடு; அங்கே போலீஸ் இல்லையென்றால் கூடிய சீக்கிரம், தவறினால் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் நீயே போய்ச் சொல். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கொடு. இந்த மூன்றும் உன்னால் முடியாதவையா?

கூட்டம் அடிக்கப் பாய்ந்து, உதவ முடியாமல் போனால் அந்த நிலையையும் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அப்போதும் 108-ஐ அழை. அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போ. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே!

எல்லாவற்றுக்கும் முன்னால் அடிபட்டவரின் உயிர். செலவை நினைத்துத் தயங்காதே. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு வரையறுத்த தொகை வரை அரசே செலவை ஏற்கிறது.

இனி விசாரணை. "எவ்வளவு ஸ்பீடுல வந்தே?" "போன் பேசிக்கிட்டு வந்தியா?" "குடிச்சிருக்கியா?" கேள்விகள் வரும். அதட்டலாகவும் வரும். வரட்டும்! அதட்டல் தீர்ப்பு ஆகிவிடாது. மூச்சை இழுத்து விடு. நிதானமாகப் பேசு. கண்டதைச் சொல், செய்ததைச் சொல். தெரியாததற்குத் "தெரியலை சார்" என்று சொல்ல வெட்கப்படாதே. பதற்றத்தில் வேகத்தையும் தூரத்தையும் ஊகித்து அள்ளிவிடாதே. வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் சோதிப்பார், சாலையில் பதிந்த தடத்தை அளப்பார்கள். மரியாதையாகப் பேசு. மரியாதை வேறு, கெஞ்சல் வேறு!

அந்த நேரத்தில் காதருகே ஒரு யோசனை வரும்: "வேற ஆளை டிரைவர்னு காட்டிடலாம்." சீ என்று உதறு! ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது நீ. உன்னிடம் சம்பளம் வாங்கும் ஓர் ஏழையை உன் இடத்தில் நிறுத்திவிட்டு நீ எந்த முகத்தோடு உன் பிள்ளைகளுக்கு நேர்மையைச் சொல்லிக்கொடுப்பாய்? அது கோழைத்தனம். தனிக் குற்றமும்கூட.

உன் உரிமைகளைத் தெரிந்துகொள். அறிவு ஏற ஏற பயம் இறங்கும். உன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும்படி சாட்சி சொல்ல உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. அந்த எல்லைக்குள் மௌனம் உன் உரிமை. பொய் சொல்வது யாருக்கும் உரிமை இல்லை. புலன்விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வெற்றுத்தாளில் யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும் போடாதே. போலீஸிடம் சொன்ன ஒப்புதலை உனக்கு எதிரான குற்றச் சான்றாக வைக்க முடியாது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையா? இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் வீட்டைத் தவிர வேறிடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது.

"உடனே உள்ளே தள்ளிடுவாங்க" என்ற பீதியையும் விடு. ஏழு ஆண்டுவரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தால் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போய் நில். அலட்சியமாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியதாகப் போடப்படும் வழக்கும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்படி ஐந்தாண்டுவரை தண்டனை உள்ளது என்றாலும், ஜாமீனில் விடக்கூடியதுதான்.

விபத்தை வெறுமனே பார்த்து நிற்கும் உனக்கும் ஒரு சொல். "தூக்கிட்டுப் போனா கோர்ட்டு கேஸுன்னு அலையணும்" என்ற பழைய பயத்தில் எத்தனை உயிர்களைத் தெருவில் விடப் போகிறோம்? உதவுபவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களை 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-இல் 134ஏ பிரிவாக அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஏறியது. உதவுபவரின் பெயரை, முகவரியை, போன் நம்பரைக் கேட்டு யாரும் வற்புறுத்த முடியாது. சாட்சி சொல்வது அவருடைய விருப்பம். இதற்கு மேலும் உனக்கு என்ன தடை? தூக்கு, ஓடு, காப்பாற்று!

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பார். ஒரு வழக்கறிஞரின் எண்ணை போனில் சேமித்துவை. குடித்துவிட்டுச் சாவியைத் தொடாதே. அப்படி ஓட்டியவனுக்கு எந்தத் தைரியமும் துணை வராது. தப்பு உன்னுடையது என்றால் பொறுப்பை ஏற்கும் நெஞ்சுரம் வேண்டும். தப்பு உன்னுடையது இல்லையென்றால் அதை உரக்கச் சொல்லும் நெஞ்சுரம் வேண்டும். இரண்டையும் இன்றே வளர்த்துக்கொள். காவல் நிலையத்து நாற்காலியில் குனிந்து உட்காராதே. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்!