டிக்கெட் இல்லாத பிரயாணம்

சென்ற மாதம் ஒரு மாலை, சென்னையிலிருந்து அரக்கோணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மின்சார ரயில். திருவள்ளூர் வரையில் நின்றுகொண்டே வந்த எனக்கு, அங்கே இறங்கிய ஒரு புண்ணியவானின் தயவால் உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஜன்னலோரமாக இருந்த இளைஞன் செல்போனில் சினிமாப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்திய நாள்தான் வெளியான படம்.

அது கள்ளத்தனமாகப் பிடித்த பிரதி என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. காட்சி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நடுவில் யாரோ ஒருவன் எழுந்து நடக்க, அவனுடைய தலை கதாநாயகியின் முகத்தை மறைத்துவிட்டுப் போயிற்று. என் கண் இதையெல்லாம் கண்டது. மனம் ஒன்றும் சொல்லவில்லை. நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்த அந்தப் பிள்ளை, மிகுந்த மரியாதையோடு போனை என் பக்கம் சாய்த்து, காதில் மாட்டும் கருவியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான். கடம்பத்தூர் போயிற்று, மணவூர் போயிற்று, திருவாலங்காடு போயிற்று. எனக்கு ஒன்றும் தெரியாது.

மோசூரில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். இளைஞன் சட்டைப் பையிலிருந்து சீசன் டிக்கெட்டை எடுத்துப் பெருமையோடு காட்டினான். எதிர் ஆசனத்துக்காரரிடம் டிக்கெட் இல்லை. அபராதம் கட்டச் சொல்லி அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

“வெட்கமே இல்லாத ஜனங்க, சார். எல்லாரும் இப்படி வந்தா ரயில் எப்படி ஓடும்?” என்றான் இளைஞன்.

“நன்றாகக் கேட்டாய், தம்பி!” என்றேன் நான்.

அப்போதுதான் அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான். “சார், நீங்க கதை எழுதறவர்தானே? உங்க நாவல் எல்லாம் படிச்சிருக்கேன், சார்!” என்று எழுந்தே நின்றுவிட்டான். எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் முதல் நாவலில் வரும் ஒரு கிழவியின் பெயரை நானே மறந்துவிட்டிருந்தேன். அவன் சொன்னான். குளிர்ந்துபோய், “எங்கே வாங்கினாய், தம்பி?” என்று கேட்டேன்.

“வாங்கலை சார், இதுலேயே இருக்குது” என்று விரலால் போனைத் தடவினான். என்னுடைய ஏழு நாவல்களும் வரிசையாக நின்றன. யாரோ பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. குரல் உயர்ந்துவிட்டது. “இது திருட்டு இல்லையா, தம்பி?”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே புரியாதவனைப் போல விழித்தான். “அப்போ, இவ்வளவு நேரம் நாம பார்த்தது, சார்?” என்றான்.

‘நாம’ என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஜங்ஷனில் கூட்ஸ் வண்டிகள் முட்டிக்கொள்ளும் சப்தத்தைக் கேட்டுக்கொண்டே யோசித்தேன். திருவள்ளூரிலிருந்து அரைமணி நேரம் தூங்கிய என் மனச்சாட்சி, என் பெயரைக் கண்டதும் ஒரு விநாடியில் விழித்துக்கொண்டதே, அது மனச்சாட்சிதானா? அல்லது வெறும் வயிற்றெரிச்சலா?

நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்தில் சினிமா என்பது கண்ணால் காணக்கூடிய ஒரு பொருள். தகரப் பெட்டிகளில் வரும். ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிஷம் ஓடும். ஒரு முழுப் படத்துக்குப் பதினாலு பதினைந்து ரீல். புதுப் படம் வரும் நாளில், “பெட்டி வந்தாச்சா?” என்பதே எங்களுடைய கேள்வி. பெட்டியை எவனாவது தூக்கிக்கொண்டு போனால் ஆட்டம் நடக்காது. ஒருவனிடம் இருந்தது இல்லாமற்போக வேண்டும், அதுதான் திருட்டு. வள்ளுவர் கள்ளாமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினாரே, அவர் மனத்திலும் பறிகொடுத்தவன் ஒருவன் இருந்திருப்பான்.

பிறகு பெட்டியே மறைந்தது. 2004-இல் பி.சி. ஸ்ரீராம் ‘வானம் வசப்படும்’ படத்தை டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். மறு வருஷம் கமல்ஹாசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ அவ்வாறே வந்தது. சென்னையில் பிறந்த கியூப் போன்ற நிறுவனங்கள் கொட்டகைகளுக்குள் டிஜிட்டல் புரொஜக்டரைக் கொண்டுவந்தன. 2013-இல் ஜப்பானின் ஃபியூஜி கம்பெனி, சினிமாப் படம் பிடிக்கும் சுருளைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. இன்று படம் ஒரு கையடக்கமான டிஸ்க்கிலோ, செயற்கைக்கோள் வழியாகவோ கொட்டகைக்கு வருகிறது. பூட்டியே வருகிறது. குறிப்பிட்ட இயந்திரத்தில், குறிப்பிட்ட தேதிகளில் மட்டும் அதைத் திறக்கும் சாவி தனியாக வருகிறது. போதாதென்று, திரையில் ஓடும் படத்துக்குள் கண்ணுக்குப் புலப்படாத முத்திரை ஒன்றும் ஓடுகிறது. எவனாவது ஒளிந்திருந்து படம் பிடித்தால், எந்தக் கொட்டகையில், எந்த நேரத்தில் பிடித்தான் என்பதை அந்த முத்திரை காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் வீடியோ திருடர்களை 2004-இல் குண்டர் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். மத்திய சர்க்கார் 2023-இல் செய்த திருத்தம், மூன்று மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. அபராதம் மூன்று லட்ச ரூபாய்க்குக் குறையாது, படத்தின் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு ஐந்து வரை போகலாம் என்கிறது. எல்லாம் சரி. ஆனால் இவை தேடுவது படம் பிடிப்பவனையும் பரப்புகிறவனையும்தான். பக்கத்து ஆசனத்திலிருந்து கழுத்தை நீட்டுகிறவனுக்கு என்ன சட்டம்? படம் பிடித்தவனைக் காட்டிக்கொடுக்க முத்திரை உண்டு. பார்த்தவனைக் காட்டிக்கொடுக்க அவனுடைய நெஞ்சைத் தவிர வேறு முத்திரை இல்லை.

“யாருக்கு நஷ்டம்?” என்று கேட்கலாம். விளக்கிலிருந்து விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு மங்குவதில்லை. நான் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் உன்னுடையது உன்னிடமே இருக்கிறது. இலவசமாகக் கிடைக்காவிட்டால் நான் காசு கொடுத்துப் பார்த்திருக்கவும் மாட்டேன். ஆகையால் வர இருந்த காசும் போகவில்லை. இது சாமர்த்தியமான வாதம் மட்டுமல்ல. பாதி உண்மையான வாதம். எனக்கும் வெகுநேரம் பதில் கிடைக்கவில்லை.

பதிலை அந்த இளைஞனே சொல்லியிருந்தான். 1856-இல் தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து எங்கள் ஊர் வழியாகத்தான் வாலாஜா ரோட்டுக்குப் போயிற்று. டிக்கெட் இல்லாத பிரயாணியும் அன்றைக்கே பிறந்திருப்பான். அவன் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி ஓடத்தான் போகிறது. காலியாகக் கிடக்கும் பலகையில் உட்கார்வதால் ரயில்வேக்கு எதுவும் குறைவதில்லை. ஆனாலும் அது தப்பு என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. ஏன்? அவன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். ஆனால் மற்றவர்கள் சுமக்கும் சுமையில் தன் பங்கை அவர்கள் தலையிலேயே வைத்துவிடுகிறான். எல்லாரும் அப்படிச் செய்ய முடியாது. மற்றவர்கள் செய்யாமல் இருப்பதால்தான் அவனால் செய்ய முடிகிறது. பிறருடைய நாணயத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்கிறவன் அவன். இத்தகைய திருட்டில் பொருள் ஒன்றும் காணாமற்போவதில்லை. நியாயம் மட்டும் காணாமற்போகிறது.

இது ரயிலில் புரிகிறது, போனில் புரியவில்லை. ரயில் ஓடுவதைக் கண்ணால் காண்கிறோம். படத்தில் விளக்குப் பிடித்தவனையும், ஒப்பனை செய்தவளையும், இரண்டு வருஷம் நாவல் எழுதியவனையும் காண்பதில்லை. பெட்டி மறைந்தபோது அதைச் சுமந்தவர்களின் முகங்களும் மறைந்துவிட்டன.

“எங்கள் கைக்கு எட்டாததால் எடுத்தோம்” என்று ஒரு சமாதானம் உண்டு. கொட்டகை தூரம், குடும்பத்தோடு போனால் செலவு. உண்மைதான். ஆனால் காலம் அந்தச் சமாதானத்தையும் குறைத்துக்கொண்டே வருகிறது. 2020 மே 29-ஆம் தேதி ‘பொன்மகள் வந்தாள்’ கொட்டகைக்கே போகாமல் நேரே வீடுகளுக்கு வந்தது, கொட்டகைக்காரர்கள் கொதித்தார்கள். அதே வருஷம் நவம்பரில் ‘சூரரைப் போற்று’ அப்படியே வந்தது. 2021 ஜனவரி 13-இல் கொட்டகைக்கு வந்த ‘மாஸ்டர்’, அதே மாதம் 29-ஆம் தேதி வீட்டுக்கும் வந்துவிட்டது. பதினாறே நாள்! அவ்வளவு பொறுக்க முடியாதவனுக்கு இல்லாமை பணத்தில் இல்லை, பொறுமையில்தான்.

ஆனால் என் பங்குக்கும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் முதல் நாவல் பல வருஷங்களாக அச்சில் இல்லை. அந்தப் பிள்ளை காசோடு ஊர் ஊராக அலைந்திருந்தாலும் அது கிடைத்திராது. மறுபதிப்புக்கு நானும் முயற்சி செய்யவில்லை. நான் மறந்துவிட்ட கிழவியை அவன் உயிரோடு வைத்திருந்தான். அந்த ஒரு புத்தகத்தைப் பொறுத்தவரையில் அவனைத் திருடன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பூட்டி வைத்துவிட்டுச் சாவியைத் தொலைத்தவன் நான். மற்ற ஆறும் கடையில் கிடைக்கின்றன; அவற்றுக்கு இந்த நியாயம் செல்லாது.

அன்று அரக்கோணத்தில் இறங்கியதும் அவன் என் பின்னாலேயே வந்தான். சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, “சார், நான் படிச்சதுக்கு...” என்று தயங்கித் தயங்கி நீட்டினான். அதை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை அந்த நிமிஷத்தில் எனக்கு இல்லை. “ஞாயிற்றுக்கிழமை உனக்கு வேலை உண்டா, தம்பி?” என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்குப் போனோம். அவனுக்கு அவன் டிக்கெட் வாங்கினான். எனக்கு நான் வாங்கினேன். ஏற்கனவே பார்த்த அரைமணி நேரத்தையும் மறுபடி பார்த்தோம். கதாநாயகியின் முகத்தை ஒரு தலை மறைத்ததே, அந்தக் கட்டம் வந்தது. இப்போது யாரும் குறுக்கே எழுந்திருக்கவில்லை. முகம் முழுசாகத் தெரிந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

இரண்டு டிக்கெட்டால் கணக்குத் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. முதல் நாவலை மறுபடி அச்சிட இரண்டு பதிப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். என் புத்தகத்தைப் போனில் வைத்திருக்கும் இன்னொரு பிள்ளையை நாளைக்கு ரயிலில் சந்தித்தால், அது தப்பு என்று அவனுக்கும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அப்போது என் குரல் உயராது.