முன்பணம்

தரகர் எவரையும் அண்டாமல், தானே பேசி முடித்து, உடலை விற்றுப் பிழைக்கிற பெண் ஒருத்தியை ஓமலூரில் எனக்குத் தெரியும்.

முன்பணம் 2,000 ரூபாய் கேட்டாளாம். கைப்பேசிக்கு ரசீதுப் படம் வந்தது. அதில் 20,000! "கை தவறி ஒரு சைபர் கூடிவிட்டது, மிச்சத்தை உடனே அனுப்பு" என்று பறந்தான் அந்தக் கனவான். மகளின் படிப்புக்கு வைத்திருந்த 18,000 ரூபாயை அனுப்பினாள். வந்தது படம், போனது பணம்.

"இப்பப் படத்தையும் குறுஞ்செய்தியையும் நம்பறதில்லைங்க. பேங்குக் கணக்குல இருப்பைப் பார்த்துட்டுத்தான் பேச்சு. பணம் வாங்க ரகசிய எண் வேண்டியதில்லை. அதைப் போடச் சொல்றவன், அவசரப்படுத்தறவன், ரெண்டு பேரும் திருடனுங்க."

"போலீசில் சொல்லவில்லையா?"

"எந்த மூஞ்சியோடங்க போறது?"

அந்தத் திருடனின் மூலதனம் போலி ரசீது அல்ல, அவளுடைய வெட்கம். அதை அவளுக்குக் கொடுத்தவர்கள் நீங்களும் நானும்தான். 'அவளுக்கு வேண்டியதுதான்' என்று நாம் உதட்டைப் பிதுக்கும்போதே அவனுக்கு லைசென்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

அவள் தொழில் சரியா, தப்பா என்று வாதாடலாம். ஆனால், பறிகொடுத்தவளின் நடத்தை பறித்தவனின் குற்றத்தைக் குறைக்குமா? பாலியல் தொழிலாளரைப் போலீசார் கண்ணியமாக நடத்த வேண்டுமென்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை எழிதிக் கொடுத்தேன்.

"என்ன தொழில்னு கேப்பாங்களா?"

"பணம் எப்படிப் போனது என்றுதான் கேட்க வேண்டும்."

"வேணும்கறீங்க. கேப்பாங்கன்னு சொல்லலியே!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிக்க முடியவில்லை.